வீட்டோடு வந்த நாய்

ஷேரு யாருடைய நாய்?

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு வீட்டுக்கார அம்மாள் இதைக் கேட்டார். யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். இப்போது முப்பத்துநாலு வயது, ஆறு வயதில் ஒரு மகள். அன்று சொன்ன பதில் சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இந்த மராத்தி ஊரின் பாணேர் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் மகனுக்குக் கல்யாணம். அடுத்த மாதக் கடைசிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். எங்களிடம் ஒரு பூனை இருக்கிறது. பழுத்த பழத்தின் நிறம், அதனால் மகள் அதற்குப் பப்பாளி என்று பெயர் வைத்தாள். வீட்டில் நாயோ பூனையோ வைத்துக்கொண்டு வாடகைக்கு அலைந்தவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. தரகர் போனில் உற்சாகமாகவே ஆரம்பிப்பார். குடும்பமா, எத்தனை பேர், சைவமா, எந்தக் கம்பெனி என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் பூனையைச் சொல்வேன். ஒரு சின்ன மௌனம் வரும். அப்புறம், "பாத்துட்டுக் கூப்பிடறேன் மேடம்." யாரும் கூப்பிடுவதில்லை.

அந்த மௌனம் எனக்கு முன்பே பழக்கம்.

அப்பா விமானப்படையில் இருந்தார். இதே ஊரின் மறுகோடியில், விமானப்படைத் தளம் இருக்கும் லோஹேகாவில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் முன்னால் சிமெண்ட் படியும் கொண்டது. எங்களுக்கு முன் அங்கே இருந்தது ஒரு பஞ்சாபிக் குடும்பம். மாற்றலாகிப் போகிறவர்கள் தூக்கிக்கொண்டு போக முடியாததை அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுப் போவது அங்கே வழக்கம். கொடிக்கம்பி, திரைச்சீலைக் குழாய், நெய் டின்னில் வளர்ந்த புதினா எல்லாம் அப்படித்தான் எங்களுக்கு வந்தன. அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கைகாட்டி ஹிந்தியில் சொல்லிக்கொண்டே போனார். ஹிந்தி தெரியாத அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். லாரி புறப்பட்ட பிறகும் படியில் ஒரு நாய் உட்கார்ந்தே இருந்தது.

"ஏங்க, இவங்க நாயை மறந்துட்டுப் போயிட்டாங்க!" என்று அம்மா பதறினாள்.

"மறக்கலை. நம்மகிட்ட ஒப்படைச்சிட்டுப் போறாங்க. நீதான தலையாட்டுன?" என்றார் அப்பா.

"நான் புதினாவுக்குல்லா தலையாட்டுனேன்!"

அதற்கு முன் இருந்தவர்களிடமிருந்து அந்தப் பஞ்சாபிக் குடும்பத்துக்கும் அவன் அப்படியே வந்தானாம். பெயர் ஷேரு. மண் நிறம், ஒரு காது மட்டும் நிமிராது. "வீட்டோட நாய்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தாள். மூன்றாம் நாள் ஓர் அலுமினியத் தட்டை அவனுக்கென்று ஒதுக்கினாள். விளிம்பில் நசுங்கிய தட்டு. ரசம் சாதம் போட்டால் அவன் நக்க நக்க அது தரையில் கரகரவென்று நகர்ந்துகொண்டே போகும். தினமும் சமையலறை வாசலில் ஆரம்பிக்கும் சாப்பாடு குளியலறைக் கதவில் போய் முடியும்.

அவன் ஹிந்தி மட்டும் தெரிந்தவனாக வந்தான். நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். உடன்பிறந்தவர்கள் இல்லாத எனக்குப் பள்ளி விட்டு வந்தபின் தமிழில் பேச அம்மாவைத் தவிர இருந்தது அவன்தான். அப்பா தன் பழைய சீருடை பெல்ட்டை வெட்டி அவனுக்குக் கழுத்துப்பட்டை செய்தார். நீலச் சாம்பல் நிறக் கெட்டித்துணி, பித்தளைக் கொக்கி. ஞாயிற்றுக்கிழமை ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது அந்தக் கொக்கியையும் தேய்த்துப் பளபளப்பாக்குவார்.

போர் விமானம் கிளம்பும்போது எங்கள் வீட்டில் டம்ளர்கள் அதிரும். எங்களுக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே ஷேருவுக்குத் தெரிந்துவிடும். எழுந்து போய் முன்னறைக் கட்டிலுக்கு அடியில் வயிறு தரையில் படியப் படுத்துக்கொள்வான். அவன் எழுந்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்துவோம். விமானம் கடந்து போகும். அவன் வெளியே வந்து உடம்பை உதறுவான். விட்ட இடத்திலிருந்து அம்மா பேச்சைத் தொடர்வாள். இது எங்களுக்கு இயல்பாகியிருந்தது. ஊரின் இந்தப் பக்கம் இருக்கும் ஔந்துக்குக் குடிபோன பிறகும் வெகுநாள் நான் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டுக் கட்டில் இருந்த பக்கம் பார்த்திருக்கிறேன்.

ஆமாம், ஔந்துக்குப் போனோம். அப்பாவுக்கு இருபது வருட சேவை முடிந்தது. ஔந்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கொடுத்திருந்த கெடுவுக்குள் வாடகைக்கு வீடு பார்க்க வேண்டும்.

அந்தக் கோடைக்கால ஞாயிறுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நான் நிற்பேன், அம்மா பின்னால். கரும்புச்சாறு பிழியும் கடைகளில் சக்கரத்தில் கட்டிய சலங்கை வழியெல்லாம் கேட்கும். அப்பாவின் ஹிந்தி அதிகாரியிடம் விறைப்பாக நின்று பேசும் ஹிந்தி. மராத்தி எனக்குத்தான் வரும், பள்ளியில் படித்ததால். ஆகவே வீட்டுக்காரர்களிடம் பேசும் வேலை பாதி என் தலையில் விழுந்தது. அப்பா எங்கேயும் எதையும் மறைக்கவில்லை. கேட் திறப்பதற்குள்ளேயே, "மூணு பேர், ஒரு நாய்" என்று சொல்லிவிடுவார். அங்கேதான் அந்த மௌனத்தை முதலில் கேட்டேன். ஒருவர் நாயை மொட்டைமாடியில் கட்டிப்போட வேண்டும் என்றார். இன்னொருவர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "குடும்பம் சரி, நாய் வேண்டாம்" என்றார்.

"கொஞ்சம் பொறுத்துச் சொன்னா என்னவாம்? கேக்கட்டும், கேட்டாச் சொல்லுவோம்" என்றாள் அம்மா.

"பின்னால தெரிஞ்சா மரியாதை கெட்டுப்போகும்."

"இப்ப மட்டும் ரொம்ப வாழுதாக்கும்!"

ஐந்தாவதோ ஆறாவதோ அந்த ஔந்து வீடு. மாடியில் நாங்கள், கீழே உரிமையாளர் அம்மாள் தனியாக. நான் அவரைக் காக்கு என்று கூப்பிட வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். சின்னம்மா மாதிரி. அவல் உப்புமா மேல் தேங்காய்த் துருவல் தூவிக் கொடுத்தார். எனக்கு அந்த உப்புமா நினைவில் இல்லை, ஊஞ்சல்தான் நினைவிருக்கிறது. மாடி பால்கனியில் இரும்புச் சங்கிலியில் தொங்கும் பெரிய மரப்பலகை. "நீங்க வந்தா உனக்குத்தான்" என்று காக்கு என்னிடம் மராத்தியில் சொன்னார். அன்று அதிசயமாக அப்பா வாசலில் நாயைப் பற்றிச் சொல்லவில்லை. அம்மாவின் பேச்சு உறைத்திருக்கலாம், அல்லது அலுத்துப் போயிருக்கலாம். இருவரும் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காக்கு என் நீலப் பாவாடையில் ஒட்டியிருந்த முடியை விரலால் எடுத்தார்.

"வீட்டில் நாய் இருக்கா? யாருடைய நாய்? உங்களுடையதா?" என்று மராத்தியில் கேட்டார்.

"தோ ஆம்ச்சா நாஹி" என்றேன். அவன் எங்களவன் இல்லை. "குவார்ட்டர்ஸ் நாய். அந்த வீட்டோட இருக்கிறவன்."

காக்கு சிரித்து என் கன்னத்தைத் தட்டினார். நான் நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். அந்த அளவு மராத்தி அவருக்குப் புரியும். நான் சொன்னதைத் திருத்துவார் என்று காத்திருந்தேன். திருத்தவில்லை.

நான் சொன்னது பொய்யா? அப்பா சொன்ன வார்த்தைதானே, வீட்டோட நாய். ஆனால் அதைச் சொன்னபோது என் கண் ஊஞ்சலில் இருந்தது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

திரும்பும் வழியில் அம்மா கேட்டாள், "அந்தம்மா நாயைப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டாங்க. ஒண்ணும் பிரச்சனை இல்லை" என்றார் அப்பா.

சற்று நேரம் கழித்து, அம்மாவுக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்து, "நல்லா சமாளிச்ச மக்கா" என்றார். அப்பா என்னை அடிக்கடி பாராட்டுகிறவர் இல்லை. அந்த வார்த்தை அன்றைக்கு முழுதும் எனக்கு இனித்தது. இன்று ஒரு தாயாக அந்த ஸ்கூட்டரை நினைத்துப் பார்க்கிறேன். வீட்டைக் காலி செய்யும் கெடு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர், ஒன்பது வயதுக் குழந்தை சொன்ன வாக்கியத்தில் ஒதுங்க இடம் கண்டுபிடித்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

வீடு மாறும் நாளில்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அப்பாவின் பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிகள் டெம்போவில் ஏறிவிட்டன. அம்மா ஷேருவின் தட்டைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றிப் பாத்திர மூட்டையில் வைத்தாள். அப்பா அதை எடுத்துப் பிரித்து வாசல் குழாயடியில் வைத்தார்.

"அதை எதுக்கு வெளியே எடுக்கீங்க?"

"அவன் இங்கதான் இருப்பான்."

"ஒண்ணும் பிரச்சனை இல்லைன்னு சொன்னீங்க?"

"வீட்டோட வந்தான், வீட்டோட இருப்பான். நாம வரும்போது எப்படி இருந்தான்? அதே மாதிரி. ஒரு வாரத்துல அடுத்த ஆள் வந்துருவாங்க. இங்க எந்த வீடும் காலியாக் கிடந்தது இல்லை."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பள்ளிப் பையின் பக்கிளை மாட்டிக்கொண்டிருந்தேன், மாட்டியதையே கழற்றித் திரும்பவும் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா குனிந்து கழுத்துப்பட்டையைக் கழற்றினார். பட்டை இருந்தால் வேறு யாருடைய நாயோ என்று நினைத்துப் புதிதாக வருகிறவர்கள் சோறு வைக்க மாட்டார்கள் என்றார். பட்டை இல்லாத நாயைத் தெருநாய் என்று நினைப்பார்களே என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே அது தோன்றப் பல வருடம் ஆயிற்று.

அந்த நேரம் பார்த்து ஷேரு எழுந்தான். விமானம் வருகிறது என்று எங்களுக்குப் புரிந்தது. அவன் முன்னறைக்குப் போனான். கட்டில் டெம்போவில் இருந்தது. அறையில் ஒரு சாமானும் இல்லை. கட்டில் இருந்த இடத்தில், தரையில் அதன் நான்கு கால் தடங்களுக்கு நடுவே, வயிறு படியப் படுத்துக்கொண்டான். மேலே ஒன்றுமில்லை. விமானம் போகும்வரை அப்படியே கிடந்தான். பிறகு எழுந்து உதறிக்கொண்டான். அப்பா அவனை வெளியே கூட்டிவந்து கதவைப் பூட்டினார்.

அவன் எங்கள் பின்னால் ஓடிவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீடு பார்க்கக் கிளம்பும்போது எப்படிப் படியில் உட்காருவானோ அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே நான் ஊஞ்சலாடினேன். நன்றாகவே இருந்தது.

புது வீட்டில் பால்கனியிலிருந்து பார்த்தால் வாசல் கேட் தெரியும். அந்த முதல் வாரம் ஒரு மாலை, காக்கு முந்தைய நாள் சோள ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டு வெளியே எடுத்துவந்தார். தெருவிலிருந்து இரண்டு நாய்கள் வந்தன. அவை தின்று முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்று அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தார், பிள்ளைகளைத் திட்டுகிற குரலில். அது தினமும் நடந்தது. அந்த நேரத்துக்கு அப்பா வங்கியிலிருந்து வந்திருக்க மாட்டார். அம்மா சமையலறையில் இருப்பாள். ஊஞ்சலில் இருந்த நான் மட்டும் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. வங்கி அரைநாள்தான். லோஹேகாவில் படையினருக்கான மலிவுவிலைக் கேண்டீனில் சாமான் வாங்க அப்பா என்னையும் கூட்டிப் போனார். வாங்கி முடித்ததும் எதுவும் சொல்லாமல் ஸ்கூட்டரைப் பழைய வரிசைக்குத் திருப்பினார்.

எங்கள் வீடு பூட்டியே இருந்தது. ஜன்னல்களைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். சுண்ணாம்பு டிரம் நின்றது. படியில் ஷேரு. முதுகில் சுண்ணாம்புத் துளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. அவன் துள்ளவில்லை, குரைக்கவில்லை. எழுந்து வந்து அப்பாவின் செருப்பை முகர்ந்தான். ஷூவைத் தேடினானோ என்னவோ. பிறகு என் கையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தான்.

பக்கத்து வீட்டு அம்மாள் துணி காயப்போட வந்தவர் ஹிந்தியில் சொன்னார். "இந்த வரிசை முழுக்க ரிப்பேராம் பாய்சாப். இப்போதைக்கு யாரும் வர மாட்டாங்க. நான் அப்பப்ப ரொட்டி போடறேன். ஆனா எங்க வாசலுக்கு வர மாட்டேங்கறான். இங்கதான் கொண்டுவந்து போடணும்."

அப்பா ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். அது கரகரவென்று நகர ஆரம்பித்தது. அவர் ஸ்கூட்டரில் ஏறிச் சாவியைப் போட்டார், கிளப்பவில்லை. நான் முன்னால் நின்றிருந்தேன். அவர் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது.

"என்ன மக்கா, காக்குகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போமா?"

என்னிடம்தான் கேட்டார். கூட யாரும் இல்லை.

கேட்கலாம் என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பாலில் பிய்த்த ரொட்டி தெரியும். அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான் நினைத்தது என் கன்னத்தைத் தட்டிய காக்குவின் கையை.

"நாம பொய் சொன்னது தெரிஞ்சிரும்பா" என்றேன்.

அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அடுத்த முறை போனபோது கதவுக்குப் புதுப் பச்சைப் பெயிண்ட். கொடியில் யாரோ ஒரு குழந்தையின் சட்டைகள். படி காலியாக இருந்தது. நசுங்கிய தட்டு ஒரு கொத்தனாரின் சாமான்களோடு காய்ந்த சிமெண்டுடன் கிடந்தது. புதிதாகக் குடிவந்தவர்களின் கதவைத் தட்டி அப்பா கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வருமே என்று இருவரும் கேட்கவில்லை. வீட்டில் அம்மாவும் கேட்கவில்லை. வெகுநாள் அவள் அரிசி அளக்கும்போது ஒரு பிடி கூடப் போட்டுவிடுவாள். மிஞ்சிய சோற்றைப் பால்கனிச் சுவரில் காக்கைக்கு வைப்பாள்.

இப்போது அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியில் இருக்கிறார்கள். போன வாரம் போனில் எங்கள் வீடு தேடும் கதையைச் சொன்னேன். அம்மா, "பூனையைக் கேட்டாச் சொல்லு, கேக்காட்டி விடு" என்றாள். குரல் அப்படியே இருந்தது. அப்பா போனை வாங்கினார்.

"பூனைக்குக் கழுத்துல பட்டை கட்டியிருக்கியா மக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"கட்டியிருக்கேன்பா."

"கழட்டிராத."

இருபத்தைந்து வருடத்தில் ஷேருவைப் பற்றி அப்பா என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

இனி என் பிரச்சனை. ஔந்தில் ஒரு வீடு அமைகிற மாதிரி இருக்கிறது. மகளின் பள்ளிக்கு நடந்தே போகலாம். வரும் ஞாயிறு உரிமையாளர் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார், எங்களைப் பார்க்க வேண்டுமாம். பூனை இருப்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்கிறார் தரகர்.

"பூனை என்ன, குரைக்கவா போகுது? மொதல்ல குடி போவோம். ரெண்டு வாரம் கழிச்சு மெதுவா கொண்டு வரலாம்" என்கிறார் என் கணவர். அவர் கெட்டவர் இல்லை. நாலு மாதமாக நாங்கள் பார்த்த வீடுகள் அவரை அப்படி ஆக்கிவிட்டன. "பாப்பாகிட்ட மட்டும் சொல்லிவை. யாராவது கேட்டா பக்கத்து வீட்டுப் பூனைன்னு சொல்லட்டும்."



மகளைக் கூட்டிப்போகாமல் இருக்க முடியாது. லிஃப்டில் வருகிற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பப்பாளியைப் பற்றிச் சொல்கிறவள் அவள். நேற்று என் மடியில் ஏறிக்கொண்டு, "அம்மா, புது வீட்டுல பப்பாளிக்கு எந்த ரூம்? பால்கனி வாலா ரூமா?" என்று கேட்டாள். நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னியதை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினேன்.

உரிமையாளரிடம் நானே முதலில் சொல்லிவிடலாம். வீடு கை நழுவினால் நழுவட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு வெள்ளிக்கிழமைவரை இருக்கிறது, சனிக்கிழமை இருக்குமா என்று தெரியவில்லை. சொல்லாமல் போனால், அந்த மனிதர் என் மகளைப் பார்த்துக் குனிந்து அவள் பாவாடையிலிருந்து ஒரு முடியை எடுப்பார். அவள் சொல்லும் பதிலைத் திருத்தவோ திருத்தாமல் இருக்கவோ நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

உங்களில் எத்தனையோ பேர் குழந்தையையும் ஒரு பிராணியையும் வைத்துக்கொண்டு இந்த ஊரில் வீடு தேடியிருப்பீர்கள். வரும் ஞாயிறு என் மகளிடம் நான் என்ன சொல்லிக் கூட்டிப்போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீடு கிடைத்த கதையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.